இடிமழைக் காற்று எங்கிருந்து வருகிறது?

அரை மணி நேரம் அடித்த இடிமழை ஒரு வட்டாரத்தையே கலைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கும். மரங்கள் வேரோடு சாய்ந்திருக்கும், கூரைத் தகடுகள் எங்கோ பறந்திருக்கும், மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கும். மறுநாள் காரணம் சொல்லத் தொடங்கும்போதுதான் குழப்பம் வருகிறது. 'சூறாவளி சுழற்றி அடித்துவிட்டது' என்பார் ஒருவர். 'மேகம் வெடித்துவிட்டது' என்பார் இன்னொருவர். 'இத்தனை இடி இடித்தால் மரம் விழாமல் என்ன செய்யும்' என்பார் மற்றொருவர். செய்தியில் 'மினி புயல்' என்று ஓடும்.

இவை நான்கும் வெவ்வேறு சங்கதிகள். பெரும்பாலான இடிமழைச் சேதங்களுக்கு இவற்றில் எதுவுமே காரணமில்லை. அந்த மேகத்துக்குள்ளிருந்தே கீழே விழும் குளிர்ந்த, கனத்த காற்றுதான் மரத்தையும் கம்பத்தையும் சாய்க்கிறது. கேட்க எளிதாக இருந்தாலும், இந்தக் காற்று எவ்வளவு வலிமையானது என்பது வானிலையாளர்களுக்கே முழுமையாக உறைக்க 1970கள், 1980கள் வரை ஆயிற்று.

## புயல் வேறு, இடிமழை வேறு

புயல் கடலில் பிறப்பது. வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து ஆற்றலை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்து, நாள்கணக்கில் நீடிக்கும். அதற்குப் பெயர் வைப்பார்கள்; எங்கே கரையைக் கடக்கும் என்று இரண்டு மூன்று நாள் முன்பே சொல்வார்கள். இடிமழையின் கணக்கு வேறு. தனியாக நிற்கும் ஓர் இடிமேகத்தின் அகலம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். காலையில் வானத்தில் அதன் அடையாளமே இருக்காது. மாலையில் எழுந்து, இருட்டுவதற்குள் தீர்ந்தும் போகலாம்.

அளவில் சிறியது என்பதால் அடியும் லேசாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2022 ஆகஸ்ட் 18 அன்று பிரான்சின் கார்சிகா தீவில் இடிமழைக் காற்று மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது கருவியிலேயே பதிவானது. மிகக் கடுமையான புயல்களில் வீசும் காற்றோடு ஒப்பிடத் தக்க வேகம் அது. புயலில் அந்தக் காற்று மணிக்கணக்கில் உலுக்கும். இடிமழையில் சில நிமிடங்களில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும்.

## மேகம் எப்படி எழுகிறது

இடிமேகம் உருவாக மூன்று வேண்டும்: காற்றில் ஈரம், கீழே வெப்பமும் மேலே குளிர்ச்சியும், அந்த ஈரக்காற்றை முதலில் சற்றே மேலே தள்ளிவிட ஏதாவது ஒன்று. வெயிலில் காய்ந்த தரையோ, மலைச்சரிவோ, கடற்காற்றின் முனையோ அந்தத் தள்ளுதலைக் கொடுக்கும்.

மேலே போகும் காற்று விரிந்து குளிர்கிறது. ஓர் உயரத்துக்கு மேல் அதிலுள்ள நீராவி துளிகளாக மாறத் தொடங்குகிறது. மேகத்தின் ஆற்றல் இங்கேதான் பிறக்கிறது. நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்ட வெப்பத்தை, மீண்டும் நீராகும்போது திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு கிலோ நீராவி இப்படித் துளியாகும்போது வெளிவரும் வெப்பம் சுமார் 25 லட்சம் ஜூல். அறை வெப்பநிலையில் உள்ள ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு அது. ஓர் இடிமேகத்துக்குள் இப்படி மாறும் நீராவியை ஆயிரக்கணக்கான டன்னில்தான் சொல்ல வேண்டும்.

அந்த வெப்பத்தால் எழும் காற்று சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகவும் இலேசாகவும் இருக்கிறது. அதனால் இன்னும் வேகமாக எழுகிறது. எழும் காற்று தடையில்லாமல் எழுந்துகொண்டே போகக்கூடிய இந்தச் சூழலை வானிலையில் 'நிலையின்மை' என்கிறோம். எழும் அந்த ஓட்டத்துக்குப் பெயர் 'மேலேறு காற்று'. வெப்பமண்டலத்தில் அது பதினாறு, பதினேழு கிலோமீட்டர் உயரம் வரைகூட மேகத்தைக் கொண்டுபோய்விடும். பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தைவிட அது அதிகம். அதற்கு மேல் காற்று மீண்டும் வெப்பமாகத் தொடங்குவதால் எழுச்சி நின்று, மேகத்தின் தலை பக்கவாட்டில் தட்டையாக விரிகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் தெரியும் அந்தத் தட்டைத் தலை முழுவதும் பனிப் படிகங்கள்.

சுருக்கமாக: ஈரக்காற்று எழுகிறது, குளிர்கிறது, துளியாகிறது, துளியாகும்போது வரும் வெப்பமே அதை மேலும் எழுப்புகிறது. இதுவரை மேகம் யாருக்கும் கேடு செய்யவில்லை.

## மேலே போனது கீழே வரும்போது

மேலேறு காற்று தாங்கிப் பிடிக்கும் வரை துளிகளும் பனிக்கட்டிகளும் மேகத்திலேயே தங்கிப் பெரிதாகின்றன. பாரம் தாங்க முடியாத அளவுக்குப் போனதும் விழத் தொடங்குகின்றன. அவை தனியாக விழுவதில்லை. சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு விழுகின்றன. காற்று கீழே பாய்வதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது, ஆனால் பலருக்குத் தெரியாதது. விழும் மழை வழியில் உள்ள வறண்ட காற்றைக் கடக்கும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அந்தக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வியர்த்த உடம்பில் காற்று பட்டதும் சில்லிடுவதும் இதே விதிப்படிதான். ஆலங்கட்டி உருகும்போதும் இப்படியே வெப்பம் போகிறது. இப்படி நொடிக்கு நொடி குளிரும் காற்று சுற்றுப்புறத்தைவிடக் கனத்துப்போய், விழும் வேகம் கூடிக்கொண்டே வருகிறது. இதுதான் 'கீழிறங்கு காற்று'.

அது தரையை அடைந்ததும் என்ன ஆகும்? ஒரு வாளித் தண்ணீரை இடுப்புயரத்திலிருந்து சிமென்ட் தரையில் அப்படியே கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் தரைக்குள் போக முடியாது. அடித்த வேகத்தில் எல்லாப் பக்கமும் சிதறி ஓடும். விழுந்த இடத்தின் நடுவில் சலனம் குறைவு, விளிம்பில்தான் வேகம். வாளியைச் சற்றுச் சாய்த்து வீசினால், வீசிய பக்கம் தண்ணீர் அதிக தூரம் பாயும். மேகத்திலிருந்து விழும் காற்றும் இதையேதான் செய்கிறது. நேராக விழுந்தால் நாலாபக்கமும் சிதறும். நகரும் மேகத்திலிருந்து சாய்வாக விழுந்தால் மேகம் போகும் திசையில் பாயும். இப்படி மொத்தமாக விழுந்து தரையில் சிதறும் காற்றுக்கு 'டவுன்பர்ஸ்ட்' என்று பெயர். தமிழில் 'கீழ்வீழ் காற்று' எனலாம். பரவும் அகலம் நான்கு கிலோமீட்டருக்குள் இருந்தால் 'மைக்ரோபர்ஸ்ட்'.

இதிலிருந்து தெரிவது, மழையின் அளவை வைத்துக் காற்றின் வேகத்தை எடைபோட முடியாது என்பது. கீழடுக்குக் காற்று வறண்டிருக்கும் இடங்களில் மழை வழியிலேயே பெரும்பாலும் ஆவியாகி, தரைக்கு நாலு தூறல் மட்டும் வரும். ஆனால் அத்தனை ஆவியாதலும் காற்றைக் குளிர்வித்திருக்கும் என்பதால் அடிப்பது கொடூரமான காற்றாக இருக்கும். 2018 மே 2 இரவு ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் வீசிய புழுதிப் புயலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து, தூக்கத்திலேயே போனவர்கள் பலர். அந்தப் புழுதியைக் கிளப்பியது இடிமேகங்களிலிருந்து விழுந்து பரவிய காற்றுதான்.

## விழுந்து கிடக்கும் மரங்களைப் படித்தவர்

தெத்சுயா ஃபுஜிட்டா ஜப்பானில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வானிலை அறிஞர். 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் அமெரிக்காவின் பல மாநிலங்களை 24 மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட டொர்னாடோக்கள் தாக்கின. டொர்னாடோ என்பது இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கி வேகமாகச் சுழலும் காற்றுத் தூண். சேதத்தை விமானத்திலிருந்து ஆராய்ந்தபோது, சில காடுகளில் மரங்கள் விழுந்திருந்த விதம் டொர்னாடோவோடு பொருந்தவில்லை. ஒரு மையத்திலிருந்து வெளிப்புறமாக, எல்லாத் திசையிலும் விரிந்து கிடந்தன. அணுகுண்டு விழுந்த சில வாரங்களில் நாகசாகியை ஆய்வு செய்தவர் அவர். மேலிருந்து வந்த ஒன்று தரையில் மோதிப் பரவினால் மரங்கள் எப்படிச் சாயும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்.

அடுத்த ஆண்டு ஜூன் 24 அன்று நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில், இடிமழை நேரத்தில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. 113 பேர் இறந்தார்கள். ஃபுஜிட்டா அதை ஆராய்ந்து, விமானம் டவுன்பர்ஸ்ட்டுக்குள் சிக்கியது என்றார். அப்படிச் சிக்கும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கிடைக்கும். வேகம் கூடியதுபோல் தோன்றி விமானி என்ஜின் விசையைக் குறைப்பார். அடுத்த நொடிகளில் மேலிருந்து காற்று அழுத்தும். உடனே பின்காற்று வந்து இறக்கைக்குக் கிடைக்க வேண்டிய தூக்குவிசையைப் பறித்துவிடும். தரைக்கு அருகில் இருக்கும்போது இதைச் சமாளிக்க நேரமே இருக்காது.

சக அறிஞர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். மேகத்திலிருந்து இறங்கும் காற்று தரையை நெருங்கும் முன் வேகம் இழந்துவிடும் என்பது அவர்கள் கருத்து. 1978இல் சிகாகோ அருகிலும் 1982இல் டென்வர் அருகிலும் ரேடார்களை நிறுத்தி ஆய்வு நடத்திய பிறகுதான் விவாதம் ஓய்ந்தது. இன்று பல பெரிய விமான நிலையங்களில் இதற்கென்றே ரேடாரும் எச்சரிக்கைக் கருவிகளும் இருப்பதற்கும், இவ்வகை விபத்துகள் அரிதாகிப் போனதற்கும் பின்னால் அந்த மரங்கள் இருக்கின்றன. வானிலை வரலாற்றில் இவ்வளவு உயிர்களைக் காத்த களப்பணி அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.

சேதம் நடந்த இடத்தில் நின்று இதை நீங்களும் பார்க்கலாம். ஒரு மரத்தை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. இருபது முப்பது மரங்களின் தலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தாலோ, விசிறிபோல் விரிந்து கிடந்தாலோ, அது விழுந்து பரவிய காற்று. ஒடுங்கிய ஒரு பாதையில் மட்டும் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக, பாதையின் நடுவை நோக்கிச் சாய்ந்திருந்தால் அங்கே சுழல்காற்று போயிருக்கிறது. கிளைகள் திருகி முறிந்திருப்பதை வைத்து மட்டும் சுழல் என்று முடிவுகட்ட முடியாது. ஒரு பக்கம் கனத்த மரத்தை நேர்க்காற்றே திருகிவிடும்.

## ஒரு மேகம் எப்படி ஒரு வட்டாரத்தைத் தாக்குகிறது

தனி இடிமேகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. தான் கீழே தள்ளும் குளிர்காற்றே அதன் அடியில் பரவி, மேலே போக வேண்டிய ஈரக்காற்றின் வழியை அடைத்துவிடும். அதனால்தான் பெரும்பாலான இடிமழை ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே ஓய்கிறது.

உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறினால் கதை மாறும். இந்த வேறுபாட்டுக்குப் பெயர் 'காற்று முறிவு'. அப்போது மேகம் சாய்ந்து நிற்கும். மழை ஒரு பக்கம் விழும், ஈரக்காற்று மறுபக்கம் ஏறும். ஒன்றை ஒன்று கெடுக்காது. முன்னால் பாயும் குளிர்காற்று, எதிரே உள்ள வெப்பக்காற்றுக்கு அடியில் புகுந்து அதை மேலே தூக்குகிறது. அங்கே புது மேகம் எழுகிறது. அதிலிருந்தும் குளிர்காற்று விழுந்து முன்னேறுகிறது. அக்கம்பக்கத்து மேகங்களின் குளிர்காற்றெல்லாம் சேர்ந்து ஒரே முனையாகிவிட்டால், நூறு, இருநூறு கிலோமீட்டர் நீளத்துக்கு இடிமேகங்கள் வரிசைகட்டி நகரத் தொடங்கும். சிங்கப்பூர், மலேசியா மக்கள் அதிகாலையில் சந்திக்கும் 'சுமத்ரா ஸ்குவால்' இப்படிப்பட்ட வரிசைதான்.

வரிசையின் நடுப்பகுதி வேகமெடுத்து முன்னே வளைந்தால், அந்த வளைவில்தான் கடுங்காற்று இருக்கும். வழி நெடுகப் பல நூறு கிலோமீட்டர் சேதம் செய்துகொண்டு போகும் இடிமழைக் காற்றுக்கு 'டெரெச்சோ' என்று பெயர். 1888இல் அயோவாவைச் சேர்ந்த குஸ்தாவஸ் ஹின்ரிக்ஸ் என்ற பேராசிரியர் வைத்தது அது. அதே அயோவாவை 2020 ஆகஸ்ட் 10 அன்று ஒரு டெரெச்சோ கிழித்துக்கொண்டு போனது. பதினான்கு மணி நேரத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. சீடர் ராபிட்ஸ் நகரப் பகுதியில் காற்று மணிக்கு 225 கிலோமீட்டர் வரை போனதாகச் சேதத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். மக்காச்சோள வயல்கள் மைல்கணக்கில் படுத்துவிட்டன. மொத்த இழப்பு ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. அதன் பாதையில் சில டொர்னாடோக்களும் உண்டு; ஆனால் சேதத்தின் பெரும்பங்கு நேர்க்காற்றுக்குரியது.

ஆக, தன் குளிர்காற்றாலேயே சாகும் மேகம் ஊருக்கு ஒரு மழை. அந்தக் குளிர்காற்றாலேயே புது மேகங்களை எழுப்பிக்கொண்டு போகும் வரிசை, ஒரு மாநிலத்துக்கே இருட்டு.

## சேதம் ஏன் திடீரென்று கூடுகிறது

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று மரத்தை ஆட்டும். 100 கிலோமீட்டர் காற்று நான்கு மடங்கு விசையோடு தள்ளும். மழையில் ஊறிய மண் வேரைப் பிடித்துவைக்காது. கூரையைக் காற்று மேலிருந்து அழுத்தி உடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கூரைமேல் வேகமாக ஓடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து, கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். கதவோ ஜன்னலோ திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளும். அதனால்தான் தகடு நசுங்காமல் பறக்கிறது.

புயல் நேரத்து மின்தடைபோலவே இதற்கும் மின்சாரம் வர நாளாகும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கும். ஒவ்வொன்றையும் ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும். 2024 மே 16 அன்று ஹூஸ்டன் நகரில் அடித்த இடிமழைக் காற்றில் உயர் அழுத்த மின்கோபுரங்களே மடங்கி விழுந்தன. வானளாவிய கட்டடங்களின் கண்ணாடிகள் கொட்டின.

ஆலங்கட்டி தனிக் கேடு. மேலேறு காற்று வலுவாக இருந்தால் பனிக்கட்டி விழாமல் உறைநிலைக்குக் கீழுள்ள துளிகளைத் தன்மேல் சேர்த்துக்கொண்டே வளரும். 2010இல் அமெரிக்காவின் விவியன் என்ற சிற்றூரில் விழுந்த ஒன்று 20 சென்டிமீட்டர் விட்டம் இருந்தது. 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் வட்டாரத்தில் ஆலங்கட்டி அடித்து 246 பேர் இறந்தார்கள். உலக வானிலை அமைப்பின் பதிவுகளில் அதுவே ஆலங்கட்டியால் நேர்ந்த மிகப் பெரிய உயிரிழப்பு.

## மின்னல், மேக வெடிப்பு, டொர்னாடோ

மேகத்துக்குள் பனித் துகள்கள் ஒன்றோடொன்று மோதும்போது மின்னூட்டம் பிரிகிறது. அது பாயும்போது மின்னல். அந்தப் பாதையில் காற்று நொடிக்கும் குறைவான நேரத்தில் சுமார் 30,000 டிகிரி வரை சூடாகி விரிவதன் ஓசைதான் இடி. இடியோசை மரத்தைச் சாய்ப்பதில்லை. மின்னல் பாய்ந்த மரத்தில் பட்டை நீளவாட்டில் பிளந்திருக்கும், கருகியிருக்கும். ஆனால் மற்ற மரங்கள் நின்றுகொண்டிருக்கும். மின்னல் கொல்வது மனிதர்களை. இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதில் இறக்கிறார்கள், பெரும்பாலும் திறந்தவெளியில்.

மேக வெடிப்பில் எதுவும் வெடிப்பதில்லை. சிறிய பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டினால் இந்திய வானிலைத் துறை அதை அப்படி வகைப்படுத்துகிறது. அது மழைக் கணக்கு, காற்றோடு சம்பந்தமில்லை.

டொர்னாடோ அரிது, ஆனால் வந்தால் அதைவிடக் கொடியது இல்லை. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் வந்த ஒன்று சுமார் 1,300 உயிர்களைக் கொண்டுபோனது.

## எச்சரிக்கை ஏன் ஊர் பெயரைச் சொல்வதில்லை

இடிமழை வரக்கூடிய சூழலை ஒரு நாள் முன்பே சொல்லிவிடலாம். எந்த ஊர்மேல் மேகம் எழும் என்பது, அது எழுந்து ரேடாரில் தெரிந்த பிறகுதான் தெரியும். டாப்ளர் ரேடார் மழைத்துளிகள் எந்த வேகத்தில் நெருங்குகின்றன, விலகுகின்றன என்பதை அளந்து காற்றைக் கணிக்கிறது. அதை வைத்துத்தான் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு வெளியிடப்படுகிறது. 'மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்' என்று வருவதைப் பலர் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகப் பேசுகிறார்கள். அது நியாயமில்லை. பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள ஒன்றைப் பற்றி, அது பிறக்கும் முன்பே நேர்மையாகச் சொல்ல முடிவது அவ்வளவுதான். காலையில் வரும் அறிவிப்பைப் பொதுவான உஷார் என்றும், மாலையில் குறிப்பிட்ட பகுதிக்கு வரும் உடனடி முன்னறிவிப்பை 'இப்போதே உள்ளே போ' என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கும் உடம்புக்கும் தெரியும் அடையாளங்கள் உண்டு. புழுக்கம் நிறைந்த மாலையில் அடிவானத்தில் தாழ்வாக, அலமாரித் தட்டுபோல் நீளமான கருமேக விளிம்பு நகர்ந்து வந்தால், அது குளிர்காற்று முனையின் மேல் எழுந்த மேகம். பிறகு காற்று ஒரு கணம் ஓயலாம். திடீரென்று எதிர்த்திசையிலிருந்து சில்லென்ற காற்று முகத்தில் அடித்தால், விழுந்து பரவிய காற்று வந்து சேர்ந்துவிட்டது. பலர் அந்தக் குளிர்ச்சியை அனுபவிக்க வாசலுக்கு வருகிறார்கள். பலத்த காற்று அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் பின்னால்தான் வரும். அந்த நேரத்தில் மரத்தடி, விளம்பரப் பலகை, தகரக் கொட்டகை, மதில் சுவர் ஆகியவற்றின் அருகே நிற்காதீர்கள். கட்டடத்துக்குள் ஜன்னலைச் சாத்திவிட்டு அதைவிட்டு விலகியிருங்கள். கட்டடம் இல்லாத இடத்தில், மரத்தடியில் நிறுத்தாத மூடிய காருக்குள் இருக்கலாம்.

இடியோசை கேட்கும் தூரத்தில் இருந்தால் மின்னல் எட்டும் தூரத்திலும் இருக்கிறீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வருவது நல்லது. வரிசைக்குப் பின்னால் இன்னொரு மேகம் வருவது அபூர்வமல்ல. வெளியே வந்ததும் அறுந்து கிடக்கும் கம்பிகளிடமிருந்து பத்து மீட்டராவது தள்ளியிருங்கள். தெருவில் மின்சாரம் இல்லை என்பதை நம்பித் தொட்டுவிடாதீர்கள். யாரோ ஒருவர் முறையாக இணைக்காத ஜெனரேட்டரை ஓடவிட்டால், அந்த மின்சாரம் பின்வழியாக அதே கம்பியில் ஏறும்.